கிண்ணம் திரும்பி வரும் ஊர்

மலேசியாவின் ஷா ஆலம் அரங்கத்தை 2024இல் இடிக்கத் தொடங்கினார்கள். அதைத் திறந்தது 1994இல். 80,000 பேர் உட்காரலாம் என்று பெருமையோடு சொல்லப்பட்ட அரங்கம் அது. வில்லாக வளைந்து நின்ற அதன் கூரை நெடுஞ்சாலையில் போகிறவர்களின் கண்ணில் தானாக விழும். 1997இல் உலக இளையோர் கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டம் அங்கேதான் நடந்தது. அர்ஜென்டினா 2-1 என்று உருகுவேயை வென்றது. அப்புறம் கூரை நைந்தது, பராமரிப்புச் செலவு ஏறியது, 2020இல் பூட்டுப் போட்டார்கள். முப்பது ஆண்டுகள்கூட அந்தக் கட்டடத்தால் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

அங்கிருந்து வடக்கே சில மணி நேரப் பயணத்தில் பேரா மாநிலத்தின் ஈப்போ. பேரா அரங்கத்தை ஒட்டிய விளையாட்டு வளாகத்தில் சுல்தான் அஸ்லான் ஷா பெயரில் ஒரு ஹாக்கி அரங்கம் இருக்கிறது. அஞ்சலட்டையில் இடம் பிடிக்கும் கட்டடம் என்று அதைச் சொல்ல மாட்டேன். கட்டடக் கலை மாணவர்கள் வந்து படம் வரைந்துகொண்டு போகும் இடமும் இல்லை. ஆனால் 2007 முதல் சுல்தான் அஸ்லான் ஷா கிண்ணப் போட்டி ஒவ்வொரு முறையும் அங்கேதான் நடந்து வருகிறது. 31ஆவது போட்டி 2025 நவம்பரில் நடந்தது; பெல்ஜியம் 1-0 என்று இந்தியாவை வென்று கிண்ணத்தை எடுத்துப் போனது.

பன்னாட்டுப் போட்டி நடத்தும் ஊருக்கு, கொடிகள் இறங்கிய பிறகு என்ன மிஞ்சுகிறது? இந்தக் கேள்விக்கு ஒலிம்பிக் நகரங்களை வைத்தே பதில் சொல்லிப் பழகிவிட்டோம். பேராவிலிருந்து பார்த்தால் பதில் வேறு மாதிரி வருகிறது. கட்டடத்தின் பிரம்மாண்டத்தைக் காட்டிலும், போட்டி அதே ஊருக்குத் திரும்பி வருகிறதா என்பதே அரங்கத்தின் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்பது என் கட்சி. அதோடு இன்னொரு கேள்வியையும் கேட்டாக வேண்டும். திரும்பி வரும் போட்டி, சுற்றியிருக்கும் தோட்டப்புறத்துப் பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்ததா?

உலகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், பலருக்கும் தெரிந்ததுதான். மாண்ட்ரியால் 1976இல் ஒலிம்பிக் நடத்தியது. அதற்கு வாங்கிய கடனை அடைத்து முடிக்க 2006 ஆயிற்று. ஏதென்ஸில் 2004க்குக் கட்டிய அரங்கங்களில் பல, புல் முளைத்துப் பாழடைந்து கிடக்கும் படங்களாகவே பிற்பாடு பேர் வாங்கின. லண்டன் கொஞ்சம் சூதானமாக இருந்தது. 2012 ஒலிம்பிக்கின் ஹாக்கி ஆட்டங்களுக்கு எழுப்பிய ரிவர்பேங்க் அரங்கத்தை, விளையாட்டு முடிந்ததும் கழற்றி எடுத்துவிட்டார்கள். பக்கத்தில் அமைத்த புதிய ஹாக்கி மையத்தில் நிரந்தர இருக்கைகள் 3,000 மட்டுமே. பெரிய போட்டி வந்தால் தற்காலிக மேடைகளைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆளில்லாத இருக்கைக்கு ஐம்பது வருடம் சாயம் பூசிக்கொண்டிருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

2026 காமன்வெல்த் விளையாட்டை நடத்துவதாக இருந்த ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், செலவு கட்டுக்கடங்காது என்று 2023 ஜூலையில் கைகழுவியது. காமன்வெல்த் விளையாட்டுக் கூட்டமைப்பு 10 கோடி பவுண்டு உதவியோடு மலேசியாவைக் கேட்டது. 2024 மார்ச்சில் மலேசியா வேண்டாம் என்று சொல்லிவிட்டது. காப்பிக்கடைகளில் இதைப் பற்றி இரண்டு விதமாகவும் பேசினார்கள். எனக்கு அது சரியான முடிவாகவே பட்டது. 1998இல் கற்ற பாடம் அதன் பின்னால் இருக்கிறது.

1998க்குப் போகுமுன் 1957ஐப் பார்த்துவிட வேண்டும். கோலாலம்பூரின் மெர்டேக்கா அரங்கம் விளையாட்டுக்காக மட்டும் எழுந்ததில்லை. ஒரு நாடு பிறப்பதற்காக எழுந்தது. பொதுப்பணித் துறையில் இருந்த ஸ்டான்லி ஜூக்ஸ் வடிவமைத்தார். ஒரு வருடத்துக்குள் கட்டி முடிக்க வேண்டும் என்ற நெருக்கடி. அதனால் மேட்டு நிலத்தையே குடைந்து மண் சரிவுகளைப் பார்வையாளர் படிகளாக்கினார்கள். கான்கிரீட் பாகங்களை முன்கூட்டியே வார்த்துக் கொண்டுவந்து பொருத்தினார்கள். நான்கு விளக்குக் கோபுரங்கள் ஒல்லியாக, நெடுநெடுவென்று நின்றன. வெயிலும் மழையும் தெரிந்த ஒருவர் போட்ட கணக்கு அது. கூரை குறைவு, ஆகவே கெட்டுப்போகவும் குறைவு. 1957 ஆகஸ்ட் 30இல் திறந்தார்கள். மறுநாள் துங்கு அப்துல் ரஹ்மான் சுதந்திரத்தை அறிவித்தது அங்கேதான்.

அதைத் தொடர்ந்து நடந்ததைத்தான் கவனிக்க வேண்டும். அதே 1957இல் மெர்டேக்கா கிண்ணக் கால்பந்துப் போட்டி தொடங்கியது. ஆசிய அணிகள் ஆண்டுதோறும் தேடி வந்தன. 1975 மார்ச் 15இல் உலகக் கிண்ண ஹாக்கி இறுதி ஆட்டத்தில் இந்தியா பாகிஸ்தானை 2-1 என்று வென்றதும் இதே அரங்கத்தில். அந்தப் போட்டியில் என். ஸ்ரீ சண்முகநாதன் தலைமையில் ஆடிய மலேசியா நான்காவது இடம் பிடித்தது. இன்று வரை உலகக் கிண்ண ஹாக்கியில் மலேசியாவின் உச்சம் அதுதான். அதே ஆண்டு ஜூலையில் முகமது அலி ஜோ பக்னரோடு குத்துச்சண்டை போட்டார். இவ்வளவு நினைவுகள் ஏறிய இடத்தைக்கூட 1990களில் இடித்துவிட்டு அலுவலகக் கட்டடங்கள் எழுப்பத் திட்டம் போட்டார்கள். 1997இல் வந்த பொருளாதார நெருக்கடி அதைக் காப்பாற்றியது என்றுதான் சொல்ல வேண்டும். பிற்பாடு தேசிய மரபுச் சின்னமானது. ஐம்பதாம் சுதந்திர ஆண்டை ஒட்டி, இடைக்காலத்தில் ஏற்றிய மாடங்களை நீக்கி 1957இல் இருந்த வடிவத்துக்கே கொண்டுவந்தார்கள். அந்த வேலைக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. ஓர் அரங்கத்தைச் சிறிதாக்கியதற்கு விருது என்பது யோசிக்க வைக்கும் விஷயம்.

1998க்கு வருவோம். காமன்வெல்த் விளையாட்டு ஆசியாவுக்கு முதன்முதலாக வந்த ஆண்டு. செப்டம்பர் 11 முதல் 21 வரை, கோலாலம்பூரின் தெற்கே புக்கிட் ஜாலிலில். பெரிய தேசிய அரங்கம், நீச்சல் அரங்கம், ஹாக்கி அரங்கம், உள்ளரங்கம் எல்லாம் ஒரே வளாகத்தில் எழுந்தன. வளாகத்துக்கு இலகு ரயில் வந்தது. இன்றும் ஸ்ரீ பெட்டாலிங் தடத்தில் தினம் வேலைக்குப் போகிறவர்கள் அந்த விளையாட்டின் மிச்சத்தில்தான் பயணம் செய்கிறார்கள். வீரர்கள் தங்கிய விஸ்தா கொமன்வெல் அடுக்குமாடிகள் குடியிருப்பாயின. 2017இல் தென்கிழக்காசிய நாடுகளின் சீ விளையாட்டுப் போட்டிக்காக வளாகத்தைப் புதுப்பித்தபோது, கட்டுமான நிறுவனத்துக்கு நிலத்தை ஈடாகக் கொடுத்து வேலையை முடித்தார்கள். 1998 சொத்தைப் பராமரிக்க 2017இல் நிலத்தில் ஒரு பகுதி போயிற்று.

ஐம்பது கிலோமீட்டர் நடை ஓட்டத்தில் ஜி. சரவணன் தங்கம் வென்றது அந்த 1998இல்தான். மலேசியத் தமிழர்கள் அதை மறக்கவில்லை. ஆனால் புக்கிட் ஜாலில் என்ற பெயர் அரங்கத்துக்கு முன்பு ஒரு தோட்டத்தின் பெயராக இருந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். அங்கே தலைமுறை தலைமுறையாகப் பாடுபட்ட தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. தோட்டம் துண்டு துண்டாகக் கைமாறி, விளையாட்டு வளாகமும் தொழில்நுட்பப் பூங்காவும் கோல்ஃப் திடலும் ஆன பிறகும் கடைசியாக 41 குடும்பங்கள் பழைய வீடுகளிலேயே இருந்தன. 2011, 2012 ஆண்டுகளில் வெளியேறச் சொல்லி நெருக்கடி வந்தபோது, அவர்கள் கேட்டது வீடு கட்டிக்கொள்ள 4 ஏக்கர். காட்டப்பட்டது அடுக்குமாடி. பல்லாயிரம் பேர் உட்காரும் அரங்கத்துக்கும் அதன் கார் நிறுத்துமிடத்துக்கும் இடம் தந்த மண்ணில், 4 ஏக்கருக்காக மாநகர் மன்றத்தின் வாசலில் உட்கார வேண்டியிருந்தது. போட்டி நடத்திய நகரங்களைப் பற்றிய ஆய்வுகளில் இடப்பெயர்வு என்றால் பெய்ஜிங், ரியோ, டெல்லி என்றுதான் பட்டியல் போகும். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டிய அவசியமில்லை.

இதே கதையின் சின்ன வடிவம் ஒன்று சுங்கை பூலோவில் இருக்கிறது. 1998 காமன்வெல்த் விளையாட்டில் ஆடவர் கிரிக்கெட்டும் இருந்தது. டெண்டுல்கர்கூட வந்து ஆடினார். ஆட்டங்கள் நடந்த திடல்களில் ஒன்று ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் திடல். ரப்பர் மரங்களுக்கு நடுவில் பன்னாட்டு கிரிக்கெட்! அந்தக் கழகத்தின் பெருநிலம் இப்போது குவாசா டாமன்சாரா என்ற புதுநகரமாகிக்கொண்டிருக்கிறது.

திரும்பி வந்தால் போதும் என்ற என் வாதத்துக்கு எதிராகச் செப்பாங்கைக் காட்டலாம். ஹெர்மன் டில்கே வடிவமைத்த கார்ப் பந்தயத் தடம். 1999 முதல் 2017 வரை ஆண்டு தவறாமல் ஃபார்முலா ஒன் வந்தது. பிறகு, உரிமத் தொகை ஏறுகிறது, கூட்டம் குறைகிறது என்று அரசே நிறுத்திவிட்டது. மோட்டார் சைக்கிள் பந்தயம் மட்டும் தொடர்கிறது. ஆகவே, திரும்பி வருவது மட்டும் போதாது. திரும்பி வர யாருக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பதும் கணக்கில் வரும். வெளிநாட்டு நிறுவனத்திடம் வாடகைக்கு வாங்கிய போட்டியும், ஊர் தானே தொடங்கித் தானே வைத்திருக்கும் போட்டியும் ஒன்றாகிவிடாது. ஈப்போவின் பலம் அங்கேதான்.

பத்துகாஜாவில் 1928இல் பிறந்தவர் ராஜா அஸ்லான் ஷா. நீதித் துறையின் உச்சிக்குப் போய், 1984இல் பேராவின் சுல்தானாகி, 1989 முதல் 1994 வரை நாட்டின் மாமன்னராகவும் இருந்தார். ஹாக்கியின் மேல் அவருக்கு இருந்த பிரியம் ஊரறிந்தது. மலேசிய, ஆசிய ஹாக்கி அமைப்புகளுக்கு நீண்ட காலம் தலைமை தாங்கினார். அவர் பெயரிலான கிண்ணம் 1983இல் கோலாலம்பூரில் தொடங்கியது. 1985இல் ஈப்போவுக்கு வந்தது, இந்தியா வென்றது. முதலில் ஓர் ஆண்டு விட்டு ஓர் ஆண்டாகவும் இடைவெளியோடும் நடந்தது, 1998க்குப் பிறகு பெரும்பாலும் ஆண்டுதோறும். இடையில் பினாங்கு, கோலாலம்பூர் என்று சுற்றினாலும் 2007இல் ஈப்போவில் வந்து உட்கார்ந்தது. அதற்குப் பிறகு நகரவில்லை.

1985 என்ற ஆண்டு, ஈப்போ இருக்கும் கிந்தாப் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு வேறு காரணத்துக்காகவும் நினைவிருக்கும். அந்த அக்டோபரில் லண்டன் சந்தையில் ஈயத்தின் விலை விழுந்தது. ஈப்போவை ஈப்போவாக்கிய தொழில் சில மாதங்களில் படுத்துவிட்டது. சுரங்கங்கள் மூடின, ஈயக் குட்டைகள் மட்டும் மிஞ்சின, இளைஞர்கள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் பஸ் ஏறினார்கள். ஹாக்கிப் போட்டி அந்த இழப்பை ஈடுகட்டியது என்று சொன்னால் அது பொய். ஆறேழு அணிகள் வந்து ஒரு வாரம் தங்கிப்போவதில் ஒரு நகரம் பிழைத்துவிடாது. ஆனால் முதுமை தட்டிப்போன ஊர் என்று மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்த காலத்தில், ஈப்போவின் பெயர் வருடத்துக்கு ஒரு வாரமாவது லாகூரிலும் ஜலந்தரிலும் பெர்த்திலும் பத்திரிகையில் வந்தது. 2013இல் ஆசியக் கிண்ண ஹாக்கியும் ஈப்போவைத் தேடி வந்தது. நடத்திப் பழகிய கைகள் இருந்ததால் வந்தது. புதிதாக அரங்கம் கட்டியதால் வந்ததில்லை.

அந்தப் பழகிய கைகளை ஆட்டத்துக்கு முன்னால் பார்க்க வேண்டும். ஹாக்கித் தரை 91.4 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம். செயற்கை இழைக் கம்பளம். இப்போது நீல நிறம். லண்டன் ஒலிம்பிக் நீலத்தைக் கொண்டுவந்தது, மஞ்சள் பந்து தெளிவாகத் தெரியும் என்று. இந்தக் கம்பளம் காய்ந்திருந்தால் பந்து தத்தும், விழுந்தவன் முழங்கால் தோல் வழண்டுவிடும். அதனால் ஆட்டத்துக்கு முன்பும் இடைவேளையிலும் ஓரத்துக் குழாய்கள் பீரங்கிபோல் நீரைச் சுழற்றி அடிக்கும். ஒரு தடவைக்குப் பல்லாயிரம் லிட்டர் போகும். ஒரு மூலை நனையாமல் விட்டுப்போனால் அணி மேலாளர்கள் உடனே நடுவரிடம் ஓடுவார்கள். கீழே வடிகால், பக்கத்தில் தொட்டி, மோட்டார், அதை இயக்கத் தெரிந்த ஆள் என்று எல்லாம் ஒழுங்காக இருந்தால்தான் ஓர் ஆட்டம் நடக்கும். பார்வையாளர் கண்ணில் படாத இந்த ஏற்பாடுதான் ஹாக்கி அரங்கத்தின் உண்மையான கட்டடக் கலை. கூரை வளைவு யாருக்கு வேண்டும்?

இவ்வளவு நீரைக் கணக்குப் பார்த்து அடிக்கிற ஊரில், கேட்காமலே மழையும் வரும். சுண்ணாம்புக் குன்றுகளுக்கு மேல் மதியம் கறுத்தால் மாலை ஆட்டம் சந்தேகம்தான். 2010இல் இந்தியாவும் தென்கொரியாவும் இறுதி ஆட்டத்துக்கு இறங்கின, மழை விடவில்லை, இரண்டு அணிகளையும் கூட்டு வெற்றியாளர்களாக அறிவித்தார்கள். மேடையில் நனைந்தபடி உட்கார்ந்திருந்த கூட்டத்தில் பஞ்சாபிகளும் பாகிஸ்தானியத் தொழிலாளர்களும் தமிழர்களும் இருந்திருப்பார்கள். ஈப்போவின் ஹாக்கிக் கூட்டம் எப்போதும் அப்படித்தான்.

ஆண்டுதோறும் போட்டி வருவதில் ஒரு கட்டாயம் ஒளிந்திருக்கிறது. செயற்கைத் தரைக்கு ஆயுள் எட்டுப் பத்து ஆண்டுகள். பன்னாட்டு ஆட்டம் நடத்த வேண்டுமென்றால் உலக ஹாக்கி சம்மேளனத்தின் தரச் சான்று வேண்டும். ஆகவே, தரை தேய்ந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். கிண்ணம் வருகிறதே என்ற காரணத்தைக் காட்டிப் பணம் கேட்கலாம், கொடுக்கிறவர்களும் கொடுப்பார்கள். அந்தத் தரையில்தான் மீதி நாட்களில் மாநில ஆட்டங்களும் பள்ளி ஆட்டங்களும் நடக்கின்றன. ஈப்போவின் ஆண்டர்சன் பள்ளி, தேசிய இளையோர் லீகில் தண்டர்போல்ட்ஸ் என்ற பெயரில் அணி இறக்கி நின்றது. 2022 நவம்பரில் மலேசியா முதன்முதலாக இந்தக் கிண்ணத்தை வென்றது. இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவை 3-2 என்று தோற்கடித்தது. போட்டி தொடங்கி 39 ஆண்டுகளுக்குப் பிறகு, அதுவரை பலமுறை இறுதிக்கு வந்து தோற்றுப்போன பிறகு.

இது வரைக்கும் ஈப்போவின் பக்கம் பேசினேன். இனித் தோட்டத்தின் பக்கம்.

பேரா இந்த நாட்டு ரப்பரின் தாய்வீடுகளில் ஒன்று. 1877இல் கோலகங்சாரில் ஊன்றிய கன்றுகளில் ஒன்று மரமாக இன்றும் நிற்கிறது. சுங்கை சிப்புட், பத்துகாஜா, பீடோர், தெலுக் இந்தான் என்று தோட்டங்கள் பரவின. தோட்டம் என்றால் அதற்கு ஓர் அமைப்பு இருந்தது: லயங்கள், கோயில், தமிழ்ப்பள்ளி, ஆயாக் கொட்டகை, கள்ளுக்கடை, நடுவில் ஒரு திடல். விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்பு, மதியத்துக்குள் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தால், மாலையில் கால்பந்து. சடுகுடு, ஓட்டம், கயிறு இழுப்பு. தோட்டத்துக்குத் தோட்டம் போட்டி. கிண்ணத்தைத் துரை கொடுப்பார். திடலின் புல்லைத் தோட்டமே வெட்டிவிடும். அங்கே கட்டடக் கலை என்று பார்த்தால் இரண்டு கம்பும் குறுக்கே ஒரு கம்பும், ஓரத்தில் நிழலுக்கு ஒரு மழைமரம். காசு கொடுத்து உள்ளே போக வேண்டியதில்லை, யாரிடமும் முன்பதிவு செய்ய வேண்டியதில்லை.

ஹாக்கி அந்தத் திடல்களில் அவ்வளவாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அது ஆங்கிலப் பள்ளிகளிலும், ரயில்வே, போலீஸ், பொதுப்பணித் துறைக் குடியிருப்புகளிலும் வளர்ந்தது. 1975 அணியில் இந்திய வம்சாவளியினர் அவ்வளவு பேர் இருந்ததற்குக் காரணம், அன்று ஹாக்கிக்குத் தேவைப்பட்டது ஒரு புல்தரையும் ஒரு மட்டையும் மட்டுமே. 1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்தது. அதன்பின் ஆட்டத்தின் வேகம் மாறியது, மட்டை மாறியது, பயிற்சி மாறியது. பள்ளித் திடலில் பழகியவன் பன்னாட்டு ஆட்டத்துக்குத் தயாராக வேண்டுமென்றால் நகரத்துச் செயற்கைத் தரைக்கு வந்தாக வேண்டும். பஸ் காசும் நேரமும் உள்ளவன் வந்தான். கோல்காவலர் எஸ். குமார்போல் முன்னூறு பன்னாட்டு ஆட்டங்களைத் தாண்டியவர்கள் இல்லாமலில்லை. ஆனால் அணிப் பட்டியலில் தமிழ்ப் பெயர்களை விரல்விட்டு எண்ணும் காலமாகிவிட்டது.

தோட்டத் திடல்களுக்கு என்ன ஆயிற்று? 1950களின் கடைசியில் தோட்டத் துண்டாடல் வந்தது. அதைத் தடுக்கத்தான் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளியிடமே பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார். பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, அதற்கு ஆள் குறைவாகப் போதும். அடுத்து வீடமைப்பு வந்தது. 1980களிலும் 90களிலும் தோட்டங்களை விட்டு லட்சக்கணக்கானோர் வெளியேறினார்கள். வெளியேறியபோது மரத்துக்கு விலை போட்டார்கள், வேலைக்கு ஈட்டுத்தொகை கணக்கிட்டார்கள், கோயிலுக்குச் சில இடங்களில் மாற்று நிலம் கிடைத்தது. திடலுக்கு யாரும் கணக்குக் கேட்கவில்லை. அது யாருடைய பெயரிலும் இல்லாத சொத்து. தாமான் என்ற வீடமைப்புப் பகுதிக்கு வந்த பிள்ளைக்கு ஐந்தாம் மாடியும் கீழே கார் நிறுத்துமிடமும்தான் மிச்சம். குண்டர் கும்பல்களில் நம் பிள்ளைகள் சேர்வதைப் பற்றிக் கூட்டம் கூட்டமாகப் பேசுகிறோம். திடல் பறிபோனதை அந்தப் பேச்சில் ஒரு வரியாகக்கூடச் சேர்ப்பதில்லை.

திடல்கள் இப்படிப் போக, மாநிலங்கள் செய்தது பெரிய அரங்கம் கட்டுவது. மாநிலங்களுக்கிடையே நடக்கும் சுக்மா விளையாட்டுப் போட்டிக்காக 2008இல் திரெங்கானு 50,000 பேருக்கு ஓர் அரங்கம் கட்டியது. 2009 ஜூன் 2ஆம் தேதி அதன் கூரையில் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. திறந்து ஏறத்தாழ ஒரு வருடம். பேரா இந்த விஷயத்தில் பிழைத்துக்கொண்டது. 2018இல் சுக்மா வந்தபோது புதிய மாளிகை எதுவும் எழுப்பாமல், 1965 முதல் இருக்கும் பேரா அரங்கத்தையும் பழைய வளாகத்தையும் பழுதுபார்த்துச் சமாளித்தது. ஆனால் கட்டடம் இருந்தும் ஆட்டம் இல்லாமல் போகலாம். 1998, 2000, 2018 ஆண்டுகளில் மலேசியக் கிண்ணம் வென்ற பேரா கால்பந்துக் குழு, 2025இல் பணமில்லாமல் லீகிலிருந்து விலகியது.

தமிழ்நாட்டில் சென்னை எழும்பூரின் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கம் ஈப்போவோடு ஒப்பிடத்தக்கது. 1996, 2005 சாம்பியன்ஸ் கிண்ணங்கள், 2007 ஆசியக் கிண்ணம் எல்லாம் அங்கே நடந்தன. அதன் பிறகு 2023 வரை பன்னாட்டு ஹாக்கி வரவே இல்லை. பதினாறு வருட இடைவெளியில் ஒரு தலைமுறை பார்வையாளர்கள் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டார்கள். 2025இல் இளையோர் உலகக் கிண்ணத்தைச் சென்னையும் மதுரையும் சேர்ந்து நடத்தின. மதுரை ரேஸ் கோர்ஸ் வளாகத்தில் புதுத் தரை வந்தது. அங்கே அடுத்த போட்டி எப்போது என்பதில்தான் அந்தத் தரையின் விதி இருக்கிறது. 2022 சதுரங்க ஒலிம்பியாடை மாமல்லபுரத்தில் நடத்தியது இன்னும் புத்திசாலித்தனம்: விடுதி மண்டபங்களில் மேசை போட்டார்கள், முடிந்ததும் எடுத்துவிட்டார்கள். இலங்கை மறுகோடி. அம்பாந்தோட்டையில் 2011 உலகக் கிண்ணத்துக்காகக் காட்டோரத்தில் கிரிக்கெட் அரங்கம் கட்டி, 2018 காமன்வெல்த் விளையாட்டுக்கும் விண்ணப்பித்து, கோல்ட் கோஸ்டிடம் தோற்றது. யானைகள் நடமாடும் சூழலில் அரங்கம் மட்டும் நிற்கிறது.

ஈப்போவுக்கும் ஆபத்து இல்லாமலில்லை. 2019இல் தொடங்கிய உலக ஹாக்கி சம்மேளனத்தின் புரோ லீக், பெரிய அணிகளின் நாட்காட்டியை நிரப்பிவிட்டது. அழைப்புப் போட்டிக்கு முதல்தர அணியை அனுப்ப நாடுகள் யோசிக்கின்றன. கொரோனாவில் 2020, 2021 போயின. 2023இலும் போட்டி நடக்கவில்லை. 2014இல் சுல்தான் அஸ்லான் ஷா மறைந்த பிறகும் கிண்ணம் தொடர்வது அரச குடும்பத்தின் அக்கறையாலும் ஆதரவாளர்களாலும்தான். ஒருவரின் அன்பில் பிறந்த போட்டி, அமைப்பின் பொறுப்பாக மாறியாக வேண்டும். 2027இல் சீ விளையாட்டுப் போட்டி மலேசியாவுக்கு வருகிறது. அப்போதும் பணம் முதலில் பெரிய நகரங்களுக்குத்தான் ஓடும்.

தொழில்நுட்பத்தில் ஒரு வாய்ப்பு கண்ணுக்குத் தெரிகிறது. நீர் அடிக்கத் தேவையில்லாத செயற்கைத் தரைகளை நோக்கி உலக ஹாக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. தொட்டியும் மோட்டாரும் வேண்டாமென்றால் சிறு ஊர்களுக்கு அது கட்டுப்படியாகும். முழுத் திடல்கூட வேண்டியதில்லை. 2024 ஜனவரியில் மஸ்கட்டில் நடந்த முதல் ஐவர் ஹாக்கி உலகக் கிண்ணத்தில் மலேசிய ஆடவர் இறுதி வரை போய் நெதர்லாந்திடம் தோற்றார்கள். அந்த ஆட்டத்துக்குப் பாதித் திடலே அதிகம். ஈப்போவில் அடுத்த முறை தரை மாற்றும்போது, கழற்றும் பழைய கம்பளம் பன்னாட்டு ஆட்டத்துக்குத்தான் உதவாது, பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்னும் சில வருடம் தாங்கும். அதைச் சுருட்டி லாரியில் ஏற்றினால் சுங்கை சிப்புட் அரை மணி நேரம், தெலுக் இந்தான் ஒன்றரை மணி நேரம். தோட்டம் மூடி ஊருக்குள் இடம்பெயர்ந்த தமிழ்ப்பள்ளிகளில் சமன் செய்த வெற்று நிலம் உள்ளவை சில இருக்கின்றன. கேட்டு எழுத வேண்டிய கடிதம் மாநில விளையாட்டு மன்றத்துக்கு. எழுத வேண்டியவர்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள்.